வேறு விபரங்கள்

பதினொரு நாளாகக் காலையும் மாலையும்
என்னை நானே அளந்து எழுதுகிறேன்,
தம்பியின் பழைய சிஆர் கொப்பியில், பின்பக்கமிருந்து.
மார்பு முப்பத்தாறு. இடை இருபத்தெட்டரை.
ஹிப் முப்பத்தெட்டு,
கருவாட்டுக் குழம்பு வைத்த இரவுகளில்
முப்பத்தெட்டும் ஒரு நூலும்.
அதனால் உப்பை நிறுத்தியாயிற்று.

"மெலியச் சொன்னாங்களா?" என்றாள் அம்மா.
இல்லை.
"அப்ப உடம்பு வைக்கச் சொன்னாங்களா?"
இல்லையம்மா, இப்படியே இருக்கச் சொன்னாங்க.
இப்படியே இருக்குறதுக்கா சம்பளம் என்று
சிரித்தவளுக்கு
அடுப்புப் புகை புரையேறியது.

முகம் தேவையில்லையாம்.
போஸ்டர் இல்லை, டீவி இல்லை.
முதலில் தைத்த ஒற்றை உடுப்பை
என் மேல் மாட்டி, குண்டூசி குத்தி,
எங்கே பிடிக்கிறது என்று கேட்பார்கள்.
நான் சொல்ல வேண்டும்.
வேலையே அதுதான்.
இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது
கூடைக் கயிறு பதிந்த உச்சந்தலையை
அம்மா விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஹட்டன் கடையில் தோல் நிறத்தில்
உள்ளாடை கேட்டேன்.
எடுத்துப் போட்டது உரித்த உருளைக்கிழங்கின் நிறம்.
"இது யாருட தோல் அண்ணே?"
"எல்லாருக்கும் இதுதான் தங்கச்சி. எழுநூத்தைம்பது."
வாங்கி வந்து
தோட்டத்தில் தந்த தூளைக் கொதிக்கவைத்து
இரண்டு தரம் முக்கி எடுத்தேன்.
கொடியில் காய்ந்தபோது
என் முழங்கையோடு வைத்துப் பார்த்தேன்.
இன்னொரு தரம் முக்கினேன்.

குதியுயர்ந்த செருப்பு ரிஸ்வானாவுடையது.
டவுனில் தைக்கிறாள், எனக்கு அரை அளவு பெரிது,
நுனியில் பஞ்சு அடைத்திருக்கிறேன்.
லயத்து வாசலின் வெடித்த சீமெந்தில்
போய்வந்து பழகுகிறேன்.
பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் நால்வர்
நுனிக்காலில் என் பின்னால் வருகிறார்கள்,
கடைக்குட்டி இடுப்பில் கைவைத்து.

நாற்பது நிமிடம் அசையாமல் நிற்கவும் வேண்டும்.
உயர்தரம் எழுதிவிட்டு முடிவு வரும்வரை
ஒன்பது மாதம் கொழுந்து பறித்தவள் நான்.
நிற்பது தெரியும்.
கையைச் சும்மா வைத்துக்கொண்டு நிற்பதுதான்
தெரியவில்லை.

"டைட்டுன்னா மட்டும் பத்தாது" என்கிறாள் ரிஸ்வானா.
"அக்குள்லயா, முதுகுலயா?
கைய தூக்கினாலா, குந்தினாலா?
சொல்லு, வெட்கப்படாம சொல்லு."
சொல்லிப் பழகினேன்.
சிங்களத்தில் நாக்கு தடுக்கியது.
ஆங்கிலத்தில் அதற்கு ஆர்ம்ஹோல் என்றாள்,
கைக்கு ஒரு பொந்து.
தமிழில் சொன்னபோதுதான்
அம்மா கதவைச் சாத்தினாள்.

நேற்று டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தாள் ரிஸ்வானா.
"வலது தோள் அரை இஞ்சி இறக்கம்."
ஒன்பது வயதிலிருந்து பீலித் தண்ணீர்,
வாளி எப்போதும் வலது கையில்.
"பேட் வைச்சுத் தாறன், ஒருத்தருக்கும் விளங்காது."

விண்ணப்பத்தின் அடியில் ஒரு கட்டம்:
வேறு விபரங்கள்.
சாக்குக்கு இரண்டு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ
கழித்து எழுதுகிறவரிடம்
ஏன் என்று ஒரே ஒருநாள் கேட்டாள் அம்மா.
பேரேடு பட்டென்று மூடிய சத்தம்
வரிசையின் கடைசியில் நின்ற எனக்கும் கேட்டது.
பல்ப் இரண்டுமுறை மங்கி எரிந்தது.
எழுதினேன்:
வலது தோள் அரை அங்குலம் தாழ்வு.
பேட் வைக்கவில்லை.

கண்டிக்கு முதல் பஸ் நாலரைக்கு.
இருக்கைகள் காலி.
காற்சட்டை கசங்கிவிடுமென்று நிற்கிறேன்.
"இருங்க மிஸ்" என்று இருமுறை சொல்லிவிட்டு
என்னைக் கைவிட்டார் கொண்டக்டர்.
கினிகத்தேனை வளைவுகளில்
பசி வயிற்றை ஒரு பக்கமாய்ச் சாய்த்தது.
ஒன்பது மணிக்கு அளந்து முடித்தபின்
தின்னலாம் என்றிருந்த ரொட்டியைப்
பிரித்து ஒரு கடி.

உப்புப் போட்டிருக்கிறாள்.